கீழ ஆளிருக்குது

மீனாட்சிபுரத்தில் பால் சொசைட்டி முக்குக்கு ‘பத்தாயிரம்’ என்று பெயர். பெரிய ரோட்டை விட்டுத் தென்னந்தோப்புகளுக்குள் மண்பாதை இறங்கும் இடம் அது. “பத்தாயிரத்துல எறக்கி உடுங்க” என்று பஸ்ஸில் பெண்கள் சொல்வார்கள். புதிதாக வந்த கண்டக்டர் ஒருத்தர், இவர்கள் டிக்கெட் கேட்கிறார்களா, லோன் கேட்கிறார்களா என்று குழம்பியிருக்கிறார். அந்தப் பெயர் எந்தப் பஞ்சாயத்துக் காகிதத்திலும் இல்லை. ஒரு மனுசனின் வாயிலிருந்து விழுந்து அங்கேயே வேர் பிடித்துக்கொண்டது. அவர் போய்ச் சேர்ந்து சில வருசம் ஆகிறது.

அவரையும் ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘பதுக்கெ’ என்பார்கள். மலையாளத்தில் மெதுவாக என்று அர்த்தம். அவர் தோப்பு வாசலில் ஒரு தகரப் பலகை உண்டு. அதில் இருந்ததே அந்த ஒற்றை வார்த்தைதான். ரோட்டுப் பலகை எழுதுகிற பெயின்டருக்கு மலையாளம் மட்டும்தான் வரும். எல்லையோரம் ஆனதால் எங்கள் பக்கம் அப்படித்தான். சண்டை போடுவது தமிழில், மனு கொடுப்பது மலையாளத்தில்.

நான் அந்த ஊருக்கு வந்து சேர்ந்தவன். எலப்புள்ளிக்காரன். என்னைப் படிக்க வைக்கப் பார்த்த வாத்தியார்கள் ஒவ்வொருத்தராக மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் மீனாட்சிபுரத்து மாமனார் ஒருத்தர் பெண்ணையும் கொடுத்து, ஓட்டிப் பிழைக்க ஒரு டாக்ஸியையும் கொடுத்தார். அதில் எது சீதனம், எது தண்டனை என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. வீட்டோடு மாப்பிள்ளை ஆனதால், ஊரே என்னை ‘மாப்ள’ என்றது. மளிகைக் கடைக்காரன் கடன் கேட்கும்போதும் மாப்ளதான்.

அந்தப் ‘பதுக்கெ’ மாமா என் வண்டியில் முதல்தடவை ஏறியது பொள்ளாச்சிக்குப் போவதற்காக. மாட்டுக்கு ஏதோ மருந்து வாங்க வேண்டியிருந்தது. ஊர் அவருக்கு வைத்திருந்த பெயரை நம்பி நான் உருட்டிக்கொண்டு போனேன். பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

“ஏம்ப்பா மாப்ள, இது காரா, கட்டவண்டியா? வெசயாத்தான் போயேன்.”

ஆள் அப்படி ஒன்றும் மெதுவான ஆள் இல்லை. பெரிய ரோட்டில் லாரிகளை நான் முந்த முந்த அவருக்குக் குஷி. திரும்பி வரும்போது பால் சொசைட்டி முக்கு வந்தது. என் தோளில் ஒரு கை விழுந்தது. அழுத்தவில்லை, சும்மா வைத்தார்.

“இனி பதுக்கெ.”

அங்கிருந்து அவர் வீடு வரை முதல் கியர். ஒரு கோழி எங்களைத் தாண்டிப் போய், நின்று திரும்பிப் பார்த்தது. தோப்பு வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, என் வண்டிக்கு முன்னால் நடந்தே களம் வரைக்கும் கூட்டிப் போனார். கோயில் யானை மாதிரி நான் பின்னால் போனேன். அவரை இறக்கிவிட்டு வண்டியைப் பின்னால் எடுக்கப் போனால், “இரு” என்றார். குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் போய்ப் பார்த்தார். பார்க்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். உதடு என்னமோ அசைந்தது. அப்புறம் நிமிர்ந்து, “ம், எடு” என்றார். எல்லா வண்டிக்கும் இதே சடங்குதான் என்று பிற்பாடு தெரிந்தது. தேங்காய் லாரி, கேஸ் சிலிண்டர் ஆட்டோ, பால் வண்டி எதுவும் தப்பாது.

“ஆயில் ஒழுகுதுங்களா மாமா?” என்று நானும் குனிந்து பார்த்தேன்.

“ஆளிருக்குதான்னு பாத்தேன்.”

“காருக்கடியில ஆருங்க இருப்பாங்க?”

“கீழ எப்பவும் ஆளிருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாட்டுச்சாளையின் ஒரு மூலையில் தார்ப்பாய் மூடி ஒரு பழைய ஜீப் கிடந்தது. சக்கரங்களைக் கழற்றிவிட்டுக் கல்லின் மேல் ஏற்றி வைத்திருந்தார். கோழிகள் அதன் சீட்டில் முட்டையிட்டன. காயலான் கடைக்காரன் ஒவ்வொரு வருசமும் வந்து விலை கேட்பான். நானும் ஒருநாள், சும்மா கிடக்கிறதே, தள்ளிவிடலாமே என்றேன். “வித்தா, வாங்கறவன் ஓட்டுவான்” என்றார். அதில் என்ன தப்பு என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்காத விசயங்களை அடுக்கினால் பொள்ளாச்சி வரைக்கும் நீளும் என்பதால் விட்டுவிட்டேன்.

வாய் சும்மா இருந்தால்தானே. சொசைட்டிப் பக்கத்து டீக்கடையில் ஒருநாள் கூட்டமாக உட்கார்ந்திருந்தோம். அவரும் பெஞ்சின் ஓரத்தில் இருந்தார். நான் என் புலமையைக் காட்டினேன். மலையாளத்தில் பதுக்கெ என்றால் மெதுவாக, ஆனால் நம் தமிழில் பதுக்குவது என்றால் ஒளித்து வைப்பது. மாமா தோப்புக்குள் என்னத்தையோ பதுக்கி வைத்திருக்கிறார், அதனால்தான் வருகிற வண்டியை எல்லாம் தடவித் தடவி வரச்சொல்கிறார் என்று ஒரு போடு போட்டேன்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கை அப்படியே நின்றது. மாமா ஒருத்தர்தான் மெல்லச் சிரித்தார். “கெட்டிக்காரனப்பா நீ” என்று சொல்லிவிட்டு, குடித்த டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு எழுந்து போனார்.

அன்றைக்கு வீட்டில் எனக்குச் சோற்றுக்கு முன்னால் வசவு கிடைத்தது. அதற்குப் பிறகுதான் என் மனைவி விசயத்தைச் சொன்னாள். ரொம்ப வருசத்துக்கு முந்தி, அவர் இதே ஜீப்பில் பெரிய மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். முக்கில் திரும்பி, வந்த வேகத்திலேயே தோப்புக்குள் நுழைந்திருக்கிறார். அப்பா வருகிற சத்தம் கேட்டு, வைக்கோல்போருக்குப் பின்னாலிருந்து சின்ன மகள் ஓடி வந்திருக்கிறாள். மூன்று வயசோ என்னமோ. சொந்தக் களம். சொந்த வண்டி.

“பெரிய புள்ள அதுக்கப்பறம் அவருகூடப் பேசறதே இல்லைங்கறாங்க. கல்யாணமாகித் துபாய் போச்சு. லீவுக்கு வந்தா கோயமுத்தூர்ல மாமியார் ஊட்டோட சரி. அவரு சம்சாரம், அந்த அக்காதான் போய்ப் பாத்துட்டு வாரும். அந்தப் பேச்சை நீ தமிழ்ல சொன்னா என்ன, மலையாளத்துல சொன்னா என்ன” என்றாள்.

எனக்கு அடுத்த சில நாள் அந்தத் தோப்புப் பக்கம் போக முகமில்லை. அவரே என்னைத் தேடி ஸ்டாண்டுக்கு வந்தார். ஒன்றும் நடக்காத மாதிரி பக்கத்தில் உட்கார்ந்தார். அப்போது என் போனில் விமானம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கோவை ஏர்போர்ட்டுக்கு ஆள் ஏற்றப் போகிறவன். சீக்கிரம் போனால் பார்க்கிங்காரன் பிடுங்குவான், தாமதமாகப் போனால் பயணி பிடுங்குவார். அதற்காக, விமானம் எங்கே வருகிறது என்று காட்டுகிற ஒரு ஆப் வைத்திருந்தேன். வரைபடத்தின் மேல் மஞ்சள் மஞ்சளாகக் குட்டி விமானங்கள் நகரும். ஒன்றைத் தொட்டால் எத்தனை அடி உயரம், என்ன வேகம் என்று எண் வரும். எழுத்து என்னைப் பார்த்தால் ஓடிவிடும், எண் மட்டும் கொஞ்சம் சிநேகம்.

அவர் எட்டிப் பார்த்தார். அந்த நேரம் தலைக்கு மேலேயே ஒரு விமானம் கோவையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. மேலே பார்த்தார், போனைப் பார்த்தார். மறுபடியும் மேலே பார்த்தார்.

“இது எங்கிருந்து வருதுன்னு தெரியுமா?”

தொட்டுப் பார்த்து, வளைகுடாப் பக்கம் என்றேன். அவருடைய போனை நீட்டி, அதை இதிலும் போட்டுக் கொடு என்றார்.

அதற்குப் பிறகு அவரை மாட்டுச்சாளை முன்னால் கயிற்றுக் கட்டிலில் போனும் கையுமாகத்தான் பார்க்க முடிந்தது. ஒருநாள் என்னிடம் கேட்டார். எல்லா விமானமும் நம் ஊர் மேல் வரும்போது வேகத்தைக் குறைக்கிறது, இந்த எண் பத்தாயிரத்துக்குக் கீழே போனதும் அந்த எண் இறங்கிவிடுகிறது, ஏன்? நான் கண்ட காரணம், கோவை வந்துவிட்டதே, பிரேக் பிடிக்க வேண்டாமா என்பது. அவர் நம்பவில்லை.

என் வண்டியில் அடிக்கடி ஏர்போர்ட் போகும் ஒரு பெண் இருந்தார். விமானம் ஓட்டப் படித்துக்கொண்டிருந்தவர். போனில் ‘பைலட்டம்மா’ என்று பேசிப் பதிந்து வைத்திருந்தேன். அவரிடம் கேட்டேன். அது சட்டம் என்றார். பத்தாயிரம் அடிக்குக் கீழே இருநூற்றைம்பது ‘நாட்’டுக்கு மேல் போகக்கூடாது. நான் காதில் வாங்கியது இருநூற்றைம்பது நோட்டு. பரவாயில்லையே, அபராதம் கம்மிதான் என்று அவரிடமே சொன்னேன். அவர் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்து, நாட் என்பது வேகக் கணக்கு என்று தெரிந்துகொண்டேன். நம் கணக்கில் மணிக்கு நானூற்று அறுபது கிலோமீட்டர் சொச்சமாம். விமானத்துக்கு அது மெதுவாம். மேலே வெறும் வானம். கீழே வந்தால் பறவை இருக்கும், சின்ன விமானம் இருக்கும், ஹெலிகாப்டர் இருக்கும். பார்த்து ஒதுங்க நேரம் வேண்டுமாம்.

இதை நான் அவரிடம் ஒப்பித்தபோது, ரொம்ப நேரம் தலையாட்டினார்.

“அதுதான் மாப்ள. கீழ ஆளிருக்குது. எவ்வளவு பெரிய ராசாவா இருந்தாலும் கீழ வந்தாப் பதுக்கெத்தான்.”

அன்றிலிருந்து சொசைட்டி முக்கில் என் தோளில் கை வைக்கும்போது, “பத்தாயிரம் வந்திருச்சு” என்றார். பால் வண்டிக்காரனிடம் சொன்னார், தேங்காய் லாரிக்காரனிடம் சொன்னார். முதலில் கிண்டலுக்குத் தொடங்கி, கடைசியில் ஊரே அப்படிச் சொல்ல ஆரம்பித்தது.

ஆனால் அவர் வானத்தைப் பார்த்தது வேடிக்கைக்கு அல்ல. இரண்டு காரணம் இருந்தது. ஒன்று, யாராவது மீறுகிறார்களா என்று பார்த்தார். ஒரு விமானமாவது, ஒருத்தனாவது. கிடைக்கவில்லை. கிடைக்காத ஒவ்வொரு நாளும் அவர் முகம் இன்னும் கொஞ்சம் சுருங்கியது மாதிரி எனக்குத் தோன்றும். இன்னொன்றை அவராகத்தான் சொன்னார். துபாய் விமானம் ஒன்று சத்தம் மாறி இறங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு மகள் அதில் வருகிறாள் என்று அக்கா ரகசியமாகக் கிளம்பிப் போயிருந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

“என்ற தலை மேலதான் போறா, பாரு” என்றார். “மெதுவாத்தான் போறா.”

ஆடி மாதம் வந்தது. ஆடியில் எங்கள் ஊர்க் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கணவாய் வழியாகக் கிளம்பினால் ஓலையும் பறக்கும், ஓலைக்குக் கீழே நிற்கிறவன் வேட்டியும் பறக்கும். என் வேட்டிக்கு அந்த அனுபவம் உண்டு. அப்படியொரு நாளில் அவர் வேகவேகமாக ஸ்டாண்டுக்கு வந்தார். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“மாப்ள, ஒருத்தன் மீறிட்டான்.”

படம் பிடித்து வைத்திருந்தார். உயரம் பத்தாயிரத்துக்குக் கீழே. வேகம் முந்நூறை ஒட்டி. அவர் முகத்தில் இருந்தது கோபமா, சந்தோசமா என்று சொல்ல முடியவில்லை. உடனே பைலட்டம்மாவைக் கூப்பிடச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டேன். பைலட்டம்மா நிதானமாக விளக்கினார். போன் காட்டுவது தரையை வைத்துப் பார்க்கிற வேகம். சட்டம் பார்ப்பது, விமானத்தின் மூக்கில் வந்து மோதுகிற காற்றின் கணக்கை. பின்னாலிருந்து காற்று தள்ளினால் போனில் எண் கூடத்தான் காட்டும். ஓட்டினவர் மீறவில்லை.

போனை வைக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏங் கண்ணு, ஆராச்சும் வெசயாப் போன்னு சொன்னாப் போலாமா?”

சில சமயம் கீழே கன்ட்ரோலில் இருப்பவர்கள் அனுமதி கொடுப்பதுண்டு என்றார் அந்தப் பெண்.

“அப்படிப் போயி ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா? சொன்னவங்க மேல குத்தமா, ஓட்டினவன் மேலயா?”

“ஓட்டறவங்கதான் பொறுப்பு அங்கிள். யார் சொன்னாலும், முடியாதுன்னு சொல்ல வேண்டியது அவங்கதான்.”

காய்ந்த நிலத்தில் மழை விழுந்த மாதிரி ஆனது அவர் முகம். என் பக்கம் திரும்பி, “கேட்டயா மாப்ள? சொன்னவங்க மேல ஒண்ணுமில்ல” என்றார். நான் என்ன பிளேனா ஓட்டுகிறேன், என்னிடம் எதற்கு இதைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் எழுந்து நடந்தார். நாலடி போய், திரும்பாமலே சொன்னார்.

“அவனுக்காச்சும் காத்துத் தள்ளுச்சு. எனக்கு அன்னிக்குக் காத்துகூட இல்ல.”

அடுத்த வருசம் அவருக்கு நெஞ்சு கெட்டது. பொள்ளாச்சி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, அதிகம் நடக்கக்கூடாது, குனியக்கூடாது, இதயம் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். அக்கா துபாய்க்குப் போன் போட்டாள். மகள் வருகிறேன் என்றாள். மாமியார் வீட்டுக்கு அல்ல, ஏர்போர்ட்டிலிருந்து நேராக இங்கே. ஆனால் களம் வரைக்கும் வர முடியுமா என்று தெரியவில்லை, முக்கு வரைக்கும் வந்து பார்க்கிறேன் என்றும் சொன்னாளாம். முக்கிலிருந்து திரும்பிவிடுவாளோ என்று அக்காவுக்குப் பயம். அவருக்கு அந்தப் பயத்தைச் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்துகொள்கிற ஆள் அவர்.

காலை வெயில் ஏறுகிற நேரத்துக்கு விமானம் வந்தது. மகளையும் பேத்தியையும் ஏற்றிக்கொண்டேன். குழந்தை அம்மா மடியில் தூங்கிவிட்டது. அந்த அம்மா வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாத ஆள் வண்டியில் இருந்தால் எனக்கு மூச்சு முட்டும். பெரிய ரோடு முடிகிற நேரம், நான் கேட்காமலே தோளில் ஒரு கை வந்து உட்கார்ந்தது. திடுக்கிட்டுவிட்டேன். அதே கனம், அதே இடம்.

“இனி மெதுவாப் போங்கண்ணா.”

வண்டியை ஓரம் கட்டினேன். திரும்பிப் போகச் சொல்வாளோ என்று பயம். பயம் வந்தால் எனக்கு வாய் திறந்துகொள்ளும். இந்த முக்குக்குப் பேர் பத்தாயிரம், தெரியுங்களா என்று ஆரம்பித்து, ஆப், நோட்டு, நாட்டு, ஆடிக்காற்று, பைலட்டம்மா என்று எல்லாவற்றையும் கொட்டினேன். வெசயாப் போன்னு சொன்னவங்க மேல ஒண்ணுமில்லை என்று கேட்டதும் உங்கப்பாவுக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டுமே என்று சிரித்தேன்.

கண்ணாடியில் பார்த்தால், அவள் வாயைக் கையால் பொத்தியிருந்தாள்.

“நாந்தானுங்கண்ணா சொன்னது” என்றாள். “ஜீப்புல எந்திரிச்சு நின்னுட்டு, வெசயாப் போங்கப்பா, வெசயாப் போங்கப்பான்னு. எங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது. அவரு இத்தன வருசம் ஆருகிட்டயும் சொல்லலீங்க. நான் அவரு மொகத்த எப்படிங்க பாக்கறது?”

எனக்கு டீக்கடை ஞாபகம் வந்தது. கழுவி வைத்த டம்ளர் ஞாபகம் வந்தது. “போலாமுங்களா?” என்று மட்டும் கேட்டேன். அவள் தலையாட்டினாள். முதல் கியரில் இறக்கினேன்.

தோப்பு வாசலில் பலகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பாதி ஆளாகிவிட்டிருந்தார். வண்டிக்குள் யார் என்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. கைகளை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தார். அவர் நடைக்கு என் முதல் கியரே அதிகம், கிளட்சை மிதித்து மிதித்து நகர்ந்தேன். களத்தில் நின்றதும், கதவைத் திறக்கப் போன என்னை ‘இரு’ என்று கைகாட்டி நிறுத்தினார். வாசல்படியிலிருந்து அக்கா, குனியாதீங்க என்று கத்தினாள். அவர் முட்டி போட்டுக் குனிந்துவிட்டார்.

மகள் இறங்கினாள். அவர் பக்கத்தில் அந்தப் புழுதியிலேயே முட்டி போட்டாள். இரண்டு தலைகளும் என் வண்டிக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தன.

“கீழ ஆருமில்லீங்கப்பா.”

“தெரியுங் கண்ணு. ஒருக்காக் கூப்பிட்டுப் பாத்தர்றேன்.”

அத்தனை வருசமும் அவர் உதட்டில் அசைந்தது என்ன என்று அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது.

“பாப்பா” என்றார். தூங்குகிற குழந்தையை எழுப்பும் குரல்.

பின்சீட்டில் பேத்தி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தது. அதற்கும் வீட்டில் அதுதான் பெயர் போலிருக்கிறது. ஜன்னலில் தலையை நீட்டி, கீழே மண்ணில் கிடக்கிற தாத்தாவைப் பார்த்தது.

“நான் கீழ இல்ல தாத்தா. மேல இருக்கேன்.”

அவர் எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆனது. மகள்தான் தூக்கி நிறுத்தினாள். குழந்தை இறங்கி வீட்டைப் பார்த்து ஓடப் போனது. அவர் கைகளை விரித்துக்கொண்டு அதற்கு முன்னால் போய் நின்றார். அப்படியே வாசல்படி வரைக்கும், பதுக்கெ, பதுக்கெ என்று சொல்லிக்கொண்டே பின்பக்கமாக நடந்தார்.

எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும். ‘இரு’ என்று சொல்ல ஆளில்லை. சாவியைத் திருகினேன், மறுபடி அணைத்தேன். இறங்கிக் குனிந்து பார்த்தேன். வண்டிக்கு அடியில் நிழல் மட்டும்தான் கிடந்தது. இருந்தாலும் பார்க்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.